டி டிரைவில் இருந்த ரீட்டா

அத்தியாயம் 12

காலை ஆறேகாலுக்கு அனிதா மேரி கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். விண்டோஸ் வரவில்லை. நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதே நீலம், அதே வட்டம்.

இன்றைக்குத்தானா இப்படி ஆக வேண்டும்?

மதியம் மூன்று மணிக்கு உத்தமபாளையம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை. அக்கா ரீட்டா இறந்து இன்றோடு பத்தொன்பது நாள். சுருளிப்பட்டிப் பக்கம், கணவன் சேவியரின் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து அவளைத் தூக்கினார்கள். மோட்டார் போடப் போனவளுக்குக் கால் வழுக்கிவிட்டது என்றார்கள் சேவியர் வீட்டில். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரித்தே ஆக வேண்டும்; ரீட்டாவுக்கு ஐந்தே வருடம்.

அந்த வீட்டில் ரீட்டாவுக்கு என்ன நடந்தது என்பதற்கு அனிதாவிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. ரீட்டாவின் குரல்.

ஒன்றரை வருடத்தில் அக்கா அவளுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் பதினொன்று. போனில் இடம் போதாமல், ஒவ்வொன்றாக வீட்டுக் கம்ப்யூட்டரின் டி டிரைவில் போட்டு வைத்திருந்தாள். யாரும் திறந்து பார்க்கக்கூடாதென்று அந்த ஃபோல்டருக்கு 'சமையல் குறிப்பு' என்று பெயர் வேறு. ரீட்டாவின் போன் அவளோடு கிணற்றில் போயிற்று; அடக்கத்தன்று கூட்டத்தில் அனிதாவின் போனும் காணாமல் போன பிறகு, ரீட்டா பேசியது உலகத்தில் அந்த ஓர் இடத்தில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மாவிடமும் அண்ணனிடமும் அனிதாவே அதைச் சொல்லியிருந்தாள். புதன்கிழமை விசாரணைக்குப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போகப் போவதாகவும் சொன்னாள். வீட்டு மனுஷர்களிடம் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அண்ணே, சிஸ்டம் ஆன் ஆகலண்ணே!"

அருண் ஜோசப் வாயில் பிரஷ்ஷோடு வந்து பார்த்தான். ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் அவன் பொறுப்பு. ஒவ்வொரு செமஸ்டருக்கும் முப்பது மெஷின்களைத் துடைத்துப் புதிதாக்குகிறவன்.

"விண்டோஸ் போயிருச்சு. ரீசெட் போட்டாத்தான் எந்திரிக்கும். நீ வேலைக்குக் கெளம்பு. நான் இன்னைக்கு லீவுதானே, போட்டு வைக்கிறேன்."

"டி டிரைவுல ஒண்ணும் ஆகக்கூடாதுண்ணே."

"விண்டோஸ் இருக்கிறது சி-யில. டி வேற டிஸ்க்கு. அது பாட்டுக்கு இருக்கும். போ ஆத்தா, பஸ்ஸ விட்டுறாத."

அம்மா பாக்கியம் டிபன் டப்பாவோடு வாசல் வரை வந்தார். "ரெண்டு இட்லி கூட வச்சிருக்கேன். மூணு மணி வரைக்கும் தாங்கணும்ல."

அவருக்குப் பின்னால் மதினி லிடியா வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி நின்றாள். எட்டாம் மாதம். லிடியா வேறு யாருமில்லை, சேவியரின் சொந்தத் தங்கை. ரீட்டாவை அந்த வீட்டுக்குக் கொடுத்து, மூன்று வருடம் கழித்து அந்த வீட்டிலிருந்து லிடியாவை எடுத்தார்கள். பத்தொன்பது நாளாக அனிதாவும் லிடியாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை.

இராயப்பன்பட்டியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தும் அனிதாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷானவாஸைப் புதுப் போனில் கூப்பிட்டாள். அந்த இரண்டாவது ஹார்டு டிஸ்க்கை நான்கு வருடத்துக்கு முன் மாட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

"ரீசெட் போடுறாகளா? அதுக்கு முன்னாடி டிஸ்க்கக் கழட்டச் சொல்லும்மா."

"கழட்டணுமா பாய்?"

"கழட்ட வேணாம், வயர உருவினாப் போதும். பொட்டியோட சைடு மூடியத் தொறந்தா ரெண்டாவது டிஸ்க்குக்கு ரெண்டு வயரு போகும். கரண்டு ஒண்ணு, டேட்டா ஒண்ணு. ரெண்டையும் உருவிட்டு ரீசெட் போட்டா, அங்கன ஒரு டிஸ்க்கு இருக்கிறதே விண்டோஸுக்குத் தெரியாது. தெரியாதத எப்படி அழிக்கும்? முடிஞ்சதும் மாட்டிக்கிட்டா இருந்தது இருந்தபடி இருக்கும்."

உடனே அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"உருவிட்டேன் ஆத்தா. ரெண்டு வயரும் தொங்குது. போட்டோ எடுத்து அனுப்பவா?"

"வேணாண்ணே. நீ சொன்னாப் போதும்."

கம்பத்தில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அன்று நல்ல கூட்டம். ஒரு பெரியவரின் சர்க்கரை அளவை இரண்டு பேர் சீட்டில் எழுதிவிட்டாள். மன்னிப்புக் கேட்டுத் திருத்தினாள். பதினொன்றரைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டே கால். கம்ப்யூட்டர் திரை பளிச்சென்று இருந்தது.

"புதுசு மாதிரி ஆயிருச்சு பாத்தியா?" என்றான் அருண்.

அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து திறந்தாள். டி டிரைவ் இருந்தது. அதற்குக் கீழே எழுதியிருந்தது: 465 ஜி.பி.யில் 465 ஜி.பி. காலி.

உள்ளே போனாள். ஒன்றுமே இல்லை. வெளியே வந்து மறுபடி உள்ளே போனாள். வெள்ளை.

"அண்ணே... வயர உருவினேன்னியே?"

"உருவினேன். திரும்ப மாட்டுறப்போ ஃபார்மேட் கேட்டுச்சு. கை தவறி அமுக்கிட்டேன் போல."

"போலயா?"

"இப்ப என்ன செத்தா போயிட்டாக யாரும்? ஷானவாஸ் பாய்ட்ட கொண்டுபோனா எடுத்துத் தருவாரு. நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன், வா."

சொன்ன வார்த்தை அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். சட்டென்று ஸ்குரூ டிரைவரைத் தேட எழுந்துவிட்டான். நான்கு திருகுகளைக் கழற்றி, டிஸ்க்கை எடுத்து, பழைய பேப்பரில் பத்திரமாகச் சுற்றி அவள் மடியில் வைத்தான். அம்மா வீட்டில் இல்லை. வக்கீலைப் பார்த்துவிட்டு நேராக விசாரணைக்கு வந்துவிடுவதாகச் சொல்லிப் பத்து மணிக்கே லிடியாவோடு கிளம்பிவிட்டாராம்.

ஷானவாஸ் கடையில் கரண்ட் இருந்தது, ஆளும் இருந்தார். அதற்கே அனிதா சேசுவுக்கு நன்றி சொன்னாள். அருண் கடைக்குள் வரவில்லை. எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷானவாஸ் டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேரை ஓட விட்டார். அரைமணி நேரம் ஓடியது. கண்டெடுத்த ஃபைல்கள் என்ற இடத்தில் பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. இன்னொரு சாஃப்ட்வேரைப் போட்டார். அதிலும் பூஜ்யம்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணன் என்ன சொன்னாக?"

"மாட்டுறப்போ ஃபார்மேட் கேட்டுச்சாம். கை தவறி அமுக்கிட்டாராம்."

"அப்படி அமுக்கியிருந்தா முக்காவாசி எடுத்திருவேம்மா. அந்த ஃபார்மேட்டு டிஸ்க்கோட அட்டவணைய மட்டுந்தான் அழிக்கும். உள்ள இருக்கிறது அப்படியே கெடக்கும். இதுல அப்படி இல்ல. மொதல்லயிருந்து கடைசி வரைக்கும் மேல எழுதித் தொடச்சிருக்கு. சொரண்டி எடுக்கக்கூட மிச்சம் இல்ல."

"அது எப்படி பாய் தானா ஆகும்?"

ஷானவாஸ் வெளியே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"தானா ஆகாது. ரீசெட் போடுறப்போ 'எல்லாத்தையும் நீக்கு'ன்னு குடுத்தாலும், அதுவா விண்டோஸ் இருக்கிற டிரைவ மட்டுந்தான் தொடும். மத்த டிரைவும் போகணும்னா செட்டிங்கை மாத்துன்னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள போகணும். அங்கன ரெண்டு கேள்வி. எல்லா டிரைவுலயும் இருக்கிற ஃபைலை அழிக்கவா? திரும்ப எடுக்க முடியாதபடி சுத்தமா தொடைக்கவா? ரெண்டுக்கும் 'இல்லை'ன்னுதான் இருக்கும். ஒரு ஆளு உக்காந்து ரெண்டையும் 'ஆமாம்'னு மாத்தணும். மாத்தினப்புறமும் எந்தெந்த டிரைவு போகும்னு காட்டி இன்னொரு தடவை கேக்கும்."

அனிதா திரும்பி, எதிர்ப்பக்கம் நின்ற அண்ணனைப் பார்த்தாள்.

"எத்தன மணிக்கு ஆரம்பிச்சாக?"

"நான் கெளம்பினதும். ஏழு இருக்கும்."

"எத்தன மணிக்கு முடிஞ்சுச்சு?"

"தெரியல. பன்னெண்டே காலுக்குத்தான் வந்தேன்."

"சி-ய மட்டும் ரீசெட் போட்டா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும். இந்தப் பழைய டிஸ்க்கையும் தொடைக்க மூணு நாலு மணி நேரம் ஆகியிருக்கும்." அவர் டிஸ்க்கைத் திரும்ப அதே பேப்பரில் சுற்றினார். "நான் வயர உருவச் சொன்னது கை தவறுறவுகளுக்கும்மா."

காசு வாங்க மறுத்துவிட்டார்.

அனிதா ரோட்டைக் கடந்து வந்தாள். அருண் போனைப் பையில் போட்டுவிட்டு வண்டியில் சாவியை நுழைத்தான்.

"எடுக்க முடியலையாக்கும்?"

"ரெண்டு கேள்வி கேட்டுச்சாமே அண்ணே. ரெண்டுக்கும் ஆமாம் போட்டியா?"

அவன் சாவியைத் திருகவில்லை. மறுக்கவும் இல்லை.

"ஆமா. போட்டேன்."

காய்கறி ஏற்றிய வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போனதும் அருண் தொடர்ந்தான்.

"மச்சான உள்ள தூக்கிப் போட்டா லிடியா நம்ம வீட்டுல எந்த மூஞ்சியோட இருப்பா? நாளைக்கே பெட்டியக் கட்டுவா. என் புள்ளைய நான் எங்க போய்ப் பாக்க? போனவ போயிட்டா. ரெண்டு குடும்பமும் சேந்து கிணத்துல விழணுமா?"

"அப்ப காலையில சிஸ்டம் ஆன் ஆகாததும் நீதானா?"

"நேத்துச் சாயங்காலமே பண்ணி வச்சேன்."

"கேஸுக்குக் குடுக்காதன்னு சொல்லியிருக்கலாமே. குரல மட்டுமாவது விட்டு வச்சிருக்கலாமே. அவ பேசினது வேற எங்கயும் இல்லண்ணே."

"அதுக்குத்தான்."

அனிதாவின் கை தானாக உயர்ந்தது. அடிக்கவில்லை. அந்தக் கையாலேயே டிஸ்க்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"என்னையே முறைக்காத," என்றான் அருண். "நானா எடுத்த முடிவில்ல. திங்கக்கிழமை நீ வேலைக்குப் போனதும் அம்மா போடச் சொல்லுச்சு. ஒண்ணு விடாமக் கேட்டுச்சு. கேட்டுட்டு அதுதான் சொல்லுச்சு, அழிச்சிருன்னு."

கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவள் நடந்தே போனாள். பத்து நிமிட நடை. வண்டியில் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்த அருண், வராந்தா ஓரத்தில் லிடியாவுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். சேவியரும் வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, புதுத் தாடி. அவன் தோளில் ரீட்டாவின் நான்கு வயது மகள் ஸ்டெஃபி தூங்கிக்கொண்டிருந்தாள்.

பாக்கியம் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் ஜெபமாலை. அனிதா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன்."

"பதினொன்னையும்?"

"பதினொன்னையும்."

"கேட்டுட்டுமா அழிக்கச் சொன்ன?"

பாக்கியம் மணியை உருட்டுவதை நிறுத்தினார். "அங்கன பாரு. தூங்குறதுக்குள்ள மூணு தடவ மூஞ்சியத் தூக்கி என்னையப் பாத்திருச்சு ஸ்டெஃபிப் புள்ள. கேஸுன்னு போனா அது மூஞ்சியில முழிக்க அதோட அப்பன் விடுவானா? உங்கப்பா ஆரோக்கியசெல்வம் போனப்போ மூணு புள்ளைகள கையில புடிச்சிக்கிட்டு நின்னவ நான். மிச்சம் இருக்கிறத நான்தான் பாக்கணும்."

"அதுக்காக மட்டுந்தானா?"

பாக்கியம் மறுபடி மணியை உருட்டத் தொடங்கினார்.

"ஏழாவது மெசேஜுக்காகத்தானேம்மா?"

ஏழாவது மெசேஜ் கடந்த மார்ச் மாதத்தில் வந்தது. கையில் சூட்டுக் காயத்தோடு தாய் வீட்டுக்கு ஓடிவந்து, ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் திரும்பிப் போன பிறகு ரீட்டா அனுப்பியது. அனிதாவுக்கு அது மனப்பாடம். 'அம்மாட்ட காயத்தக் காட்டுனேன் அனிதா. சேலையப் போட்டு மூடிக்க, லிடியா பாத்தா சங்கடப்படுவான்னு சொல்லுச்சு. விடிஞ்சதும் பஸ் ஏத்தி விட்டுருச்சு. டிக்கெட்டும் அதுவே எடுத்துக் குடுத்துச்சு.'

பாக்கியத்தின் குரல் கம்மியது. ஆனால் உடையவில்லை.

"எந்த ஆத்தாளும் அதத்தான்டி சொல்லுவா. பொறுத்துப் போன்னுதான் சொல்லுவா. அத ஆபீசுல வச்சு ஊரே கேக்கணுமா? பேப்பர்ல போடணுமா, பெத்தவளே ஏத்தி விட்டான்னு?"

"ஏழாவதக் கொண்டுவர மாட்டேன்னுதாம்மா நான் இருந்தேன்."

பாக்கியம் திரும்பிப் பார்த்தார்.

"பத்துதான் கொண்டுவர நெனச்சேன். உன்னையப் பத்திப் பேசுனத மட்டும் தனியா எடுத்து வச்சிறலாம்னு ஞாயித்துக்கிழமையே முடிவு பண்ணிட்டேன். உன்ட்ட அதச் சொன்னா நீ நொந்து போவியேன்னு சொல்லல."

பாக்கியத்தின் வாய் திறந்தது, மூடியது. ஒரு கணம் அந்த முகத்தில் எல்லாம் சரிந்து விழப்போவது போலிருந்தது. பிறகு அவர் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"இப்ப வந்து சொல்றியா?" என்றார்.

"ஆரோக்கியசெல்வம் மனைவி பாக்கியம்!" என்று உள்ளேயிருந்து அழைப்பு வந்தது.

அவர் உள்ளே இருந்தது எட்டு நிமிடம். வெளியே வந்தபோது சேவியர் எழுந்து இடம் விட்டான். "என்ன கேட்டாக அத்தை?" என்றான். பாக்கியம் அவனுக்குப் பதில் சொல்லாமல் அவன் தோளிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டார்.

அடுத்து அனிதா மேரி.

கோட்டாட்சியர் நடுத்தர வயதுப் பெண். மேஜையில் ரீட்டாவின் ஃபைல் விரிந்திருந்தது. ஓரத்தில் ஒருவர் தட்டச்சு செய்யத் தயாராக இருந்தார்.

"உட்காருங்க. உங்க அக்காவுக்கு அந்த வீட்டுல எந்தக் குறையும் இல்லைன்னு உங்க அம்மா வாக்குமூலம் கொடுத்திருக்காங்க. அண்ணனும் எழுதிக் கொடுத்திருக்கார். நீங்க மட்டும் வேற மாதிரி மனு போட்டிருக்கீங்க. பதினொரு குரல் பதிவு இருக்குன்னு எழுதியிருக்கீங்க. கொண்டு வந்தீங்களா?"

அனிதா பேப்பர் பொட்டலத்தை மேஜையில் வைத்தாள்.

"இதுல இருந்துச்சு மேடம். காலையில ஏழு மணி வரைக்கும்."

"இப்போ?"

"இல்ல. அழிச்சிட்டாக."

கோட்டாட்சியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "யாரு?"

ஜன்னல் வழியாக வராந்தா தெரிந்தது. அருண் குனிந்து லிடியாவின் வீங்கிய காலில் செருப்பைச் சரியாக மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். சின்ன வயதில் அனிதாவுக்கும் ரீட்டாவுக்கும் ஸ்கூல் ஷூ கட்டிவிட்டது அவன்தான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் கோட்டாட்சியர். "சாட்சியத்தை அழிக்கிறது தனிக் குற்றம். நீங்க சொல்ற பேரு இதுல ஏறிடும். அப்புறம் நான் நினைச்சாலும் எடுக்க முடியாது."

"அழிச்சது எங்க அண்ணன் அருண் ஜோசப். கம்ப்யூட்டர் கடையில கேட்டாலும் சொல்லுவாக. அழிக்கச் சொன்னது..." அவள் பேப்பரைப் பிரித்து டிஸ்க்கை அவர் பக்கம் நகர்த்தினாள். "அழிக்கச் சொன்னது எங்க அம்மா பாக்கியம்."

தட்டச்சுச் சத்தம் நின்று, பிறகு தொடர்ந்தது.

"அந்தப் பதிவை உங்களைத் தவிர வேற யாராவது கேட்டிருக்காங்களா?"

"அம்மா கேட்டுச்சு மேடம். முந்தாநாள். பதினொன்னையும் கேட்டதா இப்பத்தான் என்கிட்ட சொல்லுச்சு. இங்கன, இந்த வராந்தாவுல."

கோட்டாட்சியர் மணியை அழுத்தினார். "அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்க. நீங்க எழுந்து வெளியே போக வேண்டாம், அனிதா."

பாக்கியம் வந்தார். குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேஜையில் பிரிந்து கிடந்த பேப்பரையும் டிஸ்க்கையும் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டதென்று அனிதாவுக்குத் தெரிந்தது.

"உங்க மகள் பேசின குரல் பதிவையெல்லாம் நீங்க கேட்டிருக்கீங்கன்னு இவங்க சொல்றாங்க. இவங்க உங்க மகள்தானே?"

பாக்கியம் நிதானமாகச் சொன்னார்.

"எனக்கு ஒரு மகதான் மேடம் இருந்தா. அவ செத்துப்போயிட்டா."

அனிதா நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள். அழக்கூடாது என்று நினைத்தாள். கண்ணீர் கேட்காமல் இறங்கியது.

கோட்டாட்சியர் அதைக் கவனித்தார். ஆனால் அனிதாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. புது வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

"அந்த மகளைத்தாம்மா கேக்குறேன். சாகுறதுக்கு முன்னாடி அவங்க என்னென்ன பேசினாங்க? முதல்ல இருந்து சொல்லுங்க."